ஏலம் மணத்த குமுளி

லோயர் கேம்ப் தாண்டியதும் பஸ் முனகத் தொடங்கும். மலைச்சரிவில் பெரியாற்றுத் தண்ணீரை இறக்கும் ராட்சசக் குழாய்கள் தெரியுமே, அதைப் பார்க்கத்தான் நமக்குள் ஜன்னல் சீட்டுச் சண்டை. கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைக்கும். குமுளி வந்ததைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும்.

ஸ்டோரில் விறகு போட்டு ராத்திரியெல்லாம் உலர்த்திய ஏலம், ஈரச்சாக்கு, மிளகுத் தூசி. கடைத் திண்ணைகளில் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து, வெடித்த காயைத் தனியே, நிறம் மங்கியதைத் தனியே பொறுக்குவார்கள். பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம். கை மட்டும் நிற்காது. என் அம்மாச்சியும் அதில் ஒருத்தி. துவைத்த பிறகும் அவள் சேலை மணக்கும். "உங்க வீட்ல தினமும் பாயசமா அம்மாச்சி?" என்று நீ கேட்டதற்கு எவ்வளவு சிரித்தாள்! இப்போது அந்தத் தெருவில் கடைக்குக் கடை 'ஸ்பைசஸ்' பலகை. காயெல்லாம் பாக்கெட்டுக்குள். விலை புற்றடி ஏலக்கூடத்தில் கம்ப்யூட்டர் திரையில் ஏறி இறங்குகிறது.

கார்த்திகை பிறந்தால் ஊரே கறுப்பு வேட்டி. சூடமும், தேங்காயெண்ணெயில் வறுபடும் நேந்திரங்காயும் சேர்ந்து ஒரு வாசனை. வண்டிப்பெரியாறு, சத்திரம், புல்லுமேடு என்று சபரிமலைக்கு இருமுடியோடு போவார்கள். கட்டன் சாயாக் கடைக்காரர் வருகிறவர்களை எல்லாம் 'சாமி' என்பார். மாலை போடாத நம்மையும்தான். நமக்கு அதில் ஒரு மிதப்பு. இப்போதும் சாமிகள் வருகிறார்கள், வண்டி வண்டியாக. சாயாவுக்கு டோக்கன்.

தேக்கடிப் படகு நினைவிருக்கிறதா? 1895-இல் பெரியாறு அணை கட்டி முடிந்தபோது மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் தண்ணீரில் நிற்கின்றன. அதன்மேல் நீர்க்காகங்கள் சிறகு உலர்த்தும். "யானை!" என்று ஒருவர் கத்தினால் படகே ஒரு பக்கம் கூடிவிடும். 2009 செப்டம்பர் 30 அன்று ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். இப்போது லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு, எழுந்திருக்காமல், யானையைக் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்கிறோம். அதுதான் சரி.

சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் அம்மாச்சி வேலைக்குப் போகமாட்டாள். மங்கலதேவி கண்ணகி கோயில் அந்த ஒரு நாள்தான் திறக்கும். ஜீப்பில் புழுதி தின்றுகொண்டு போவோம். கண்ணகியை அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணைப்போல "பாவம் புள்ள" என்பாள். மஞ்சள் கயிறு, வளையல், தொன்னையில் பொங்கல். கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வயலும் தென்னந்தோப்பும். இப்போது வழியில் பையைத் திறந்து பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள், நேரம் முடிந்தால் இறங்கச் சொல்கிறார்கள். புழுதி மட்டும் அதேதான்.

வருகிற சித்ரா பௌர்ணமிக்கு வா. ஜீப் வேண்டாம், பளியன்குடி வழியாக நடந்தே ஏறுவோம். முட்டி வலி என்று பாதியில் உட்காரக் கூடாது, சொல்லிவிட்டேன்.