கடலை எண்ணெய் பற்றிச் சில குறிப்புகள்

சென்ற மாதம் கறம்பக்குடிக்கு வந்திருந்த கவிஞ நண்பர் தாராளமயம் பற்றி இரவு வெகுநேரம் பேசினார். எல்லாமே 1991க்குப் பின் வெளியிலிருந்து நம்மேல் சுமத்தப்பட்டவை என்பது அவர் கட்சி. நான் அதிகம் பேசவில்லை. பெரியப்பாவின் எண்ணெய் மில் ஞாபகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு எக்ஸ்பெல்லர். பின்னால் கடலை காயும் களம். பள்ளிவிட்டு வந்தால் சூட்டோடு பிண்ணாக்குத் துண்டு கிடைக்கும், வெல்லத்தோடு தின்போம். எனக்குப் பத்து வயதாகும்போது மில் நின்றது. கட்டுப்படியாகவில்லை என்று மட்டும் வீட்டில் சொன்னார்கள். பெரியப்பா அது பற்றிப் பேசியதேயில்லை. அவருடைய கடலைக்கொல்லையில் இப்போது தைலமரம்.

காரணத்தை, வங்கி வேலைக்கு வந்தபின்தான் தேடிப் படித்தேன். 1986ல் எண்ணெய்வித்துக்களுக்கென்று தனி இயக்கம் தொடங்கி, தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் சமையல் எண்ணெயில் நாடு ஏறக்குறையத் தன்னிறைவை எட்டியிருந்தது. 1994ல் பாமாயிலை யாரும் இறக்குமதி செய்யலாம் என்றானது, 65 சதவீதத் தீர்வையோடு. 1998ல் தீர்வை 15. மலேசியா, இந்தோனேசியா எண்ணெய் வந்து இறங்கியதில் மானாவாரிக் கடலை தாக்குப்பிடிக்கவில்லை. மழையும் காரணம்தான், மறுக்கவில்லை.

நண்பரின் கட்சி இங்கேதான் தடுமாறுகிறது. உலக வர்த்தக அமைப்பில் பாமாயிலுக்கு 300 சதவீதம்வரை தீர்வை போடும் உரிமையை இந்தியா வைத்துக்கொண்டிருந்தது. 1991ல் கழுத்தைப் பிடித்தார்கள், சரி. இந்தத் தீர்வை விஷயத்தில் யாரும் பிடிக்கவில்லை. கடையில் எண்ணெய் விலை ஏறக்கூடாதென்று நாமே இறக்கிக்கொண்டோம். (இலக்கியத் தத்துவங்களுக்கு நாம் தீர்வையே போடுவதில்லை என்பது வேறு விஷயம்.) அந்த 'நாம்' என்பதில் நானும் இருக்கிறேன். என் வீட்டு அப்பளம் பாமாயிலில்தான் பொரிகிறது. தீர்வையை ஏற்று என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஏற்றாதே என்று எழுதவும் பெரியப்பா விடுவதில்லை.

ஆடிப்பட்டத்துக்கு விதைக்கடலை வாங்க ஒரு ஆத்தா நகைக்கடனுக்கு வந்தது. தோட்டைக் கழற்ற, கையிலிருந்த பையைக் கவுண்டர்மேல் வைத்தது. உள்ளே ரேஷன் பாமாயில் பாக்கெட், லிட்டர் 25 ரூபாய்.

"வீட்டுக்குக் கடலை எண்ணெய் ஆட்டிக்கிறதில்லையா ஆத்தா?"

"அதத் தின்னுட்டா எதப்பா விக்கிறது? கிராமுக்கு எவ்வளவு குடுப்பீய, அதச் சொல்லு."

தோட்டை மதிப்பீட்டாளரிடம் கொடுத்தேன். கல் நீக்கி நாலே முக்கால் கிராம்.