நம்பர் தகட்டில் கட்டிய சாக்கு

1981 ஆகஸ்டில் எங்கள் தோட்டத்துக்குள் வந்த லொறியின் நம்பர் தகட்டை ஒரு சாக்குத் துண்டு மறைத்திருந்தது. இறக்குவானைப் பக்கம், கீழ் மலையில் இறப்பரும் மேல் மலையில் தேயிலையுமாக இருந்த தோட்டம் அது. அப்பா பால் வெட்டுவார், அம்மா கொழுந்தெடுப்பாள், நான் பள்ளிக்கூடப் பையன். கீழ் லயத்தில் கூச்சல் கேட்டதுமே தேயிலைக்குள் இறங்கிவிட்டோம். அட்டை காலில் ஏறுவது தெரிந்தும் யாரும் கையை அசைக்கவில்லை. அம்மா தங்கச்சியின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். லயம் பற்றி எரிந்தது. அந்த வெளிச்சத்தில் லொறி வளைவில் திரும்பியபோதுதான் சாக்கைப் பார்த்தேன். நான்கு மூலையிலும் கம்பி போட்டு முறுக்கியிருந்தது.

பல வருஷம் கழித்தும் மனதில் நிற்பது நெருப்பைவிட அந்தக் கம்பிதான். ஆத்திரத்தில் ஓடிவருகிற கூட்டம் கம்பியும் குறடும் எடுத்து வராது. எங்கேயோ ஒரு முற்றத்தில், பகல் வெளிச்சத்தில், யாரோ நிதானமாகக் குந்தியிருந்து அதைக் கட்டியிருக்கிறார்கள். தகட்டை மறைக்க வேண்டிய வண்டி என்றால் அது யாருடைய வண்டி என்று கேட்கத்தானே தோன்றும்?

யாழ்ப்பாண நூலகம் எரிந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது. யாழ்ப்பாணத்தை எங்கள் லயத்தில் பெரும்பாலானோர் கண்டதே இல்லை. ஆனாலும் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை என்று அடி விழுந்தது தோட்டத்து ஆட்களுக்குத்தான். ஆகஸ்ட் 17இல் அவசரகாலச் சட்டம் வந்தது. எங்களுக்கு அது பிந்தி வந்த செய்தி. வீட்டுக் கூரைத் தகரம் அதற்குள் சுருண்டு கிடந்தது.

எங்களைத் தன் கொப்பரா அறைக்குள் வைத்துக் காப்பாற்றியவர் பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் கடைக்காரர். விடிந்ததும் பாணும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: “அடிச்சவனுக வெளி ஆளுக. ஆனா எந்த லயத்துக்கு எந்தப் பாதைன்னு காட்டினவன் இங்க உள்ளவன்.”

“யாருன்னு தெரியுமா முதலாளி?”

“தெரிஞ்சு என்ன செய்யப்போற?”

அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் பொலிசுக்குப் போனார். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. சப்ரகமுவத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, எனக்கு வாசிக்கவும் தெரியும். அப்பா, தான் கண்ட மூன்று பேரின் பெயரைச் சொன்னார். லொறியையும் சாக்கையும் சொன்னார். எழுதியவர் தலை நிமிராமல் எழுதினார். ஒப்பமிடக் காகிதத்தைத் திருப்பியபோது நான் எட்டிப் பார்த்தேன். பெயர் ஒன்றும் இல்லை. அடையாளம் தெரியாத ஆட்கள் வந்து தீ வைத்ததாக இருந்தது. லொறி அந்தக் காகிதத்துக்குள் வரவே இல்லை. நான் அப்பாவின் காதில் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மைப்பெட்டியில் பெருவிரலை வைத்தார். வெளியே வந்த பிறகு சொன்னார்: “பேரு இருக்குன்னா அந்தக் காயிதத்த அவங்க வாங்கிக்க மாட்டாங்க. காயிதம் இல்லாட்டி தகரத்துக்கு எழுதிக் குடுக்க மாட்டாங்க.”

உள்ளாள் இல்லாமல் இது நடக்காது என்று பிரட்டுக்களத்தில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். அதை வெறும் தோட்டத்து வாய்ப்பேச்சு என்று தள்ள முடியாமல் செய்தவர் ஜனாதிபதி ஜே.ஆர்.ஜெயவர்த்தனவே. தம் கட்சிக்காரர் சிலர் நாடாளுமன்றத்திலும் வெளியிலும் பேசிய பேச்சுகள் இந்த வன்செயலுக்குத் தூபம் போட்டதாக அந்தச் செப்டெம்பரில் அவர் வருத்தம் தெரிவித்தார். நாங்கள் அடுத்த செய்திக்காகக் காத்திருந்தோம். எங்கள் தோட்டத்தை எரித்ததற்காக இன்றுவரை ஒருவரும் கூண்டில் ஏறவில்லை.

பெரியப்பா குடும்பம் இனி இங்கே வேண்டாம் என்று வவுனியாவுக்குப் போனது. 1977 கலவரத்தில் அடிபட்டுப் போனவர்கள் ஏற்கெனவே அங்கே காடு வெட்டிக் குடியிருந்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது காந்தீயம் என்ற அமைப்பு. அதை நடத்திய கட்டடக் கலைஞர் டேவிட்டும் டாக்டர் இராஜசுந்தரமும் 1983 ஏப்ரலில் கைதானார்கள். ஜூலை 25இலும் 27இலும் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபோது, இரண்டாம் நாள் இறந்தவர்களில் இராஜசுந்தரமும் ஒருவர். அரசாங்கத்தின் பூட்டு, அரசாங்கத்தின் சாவி, அரசாங்கத்தின் காவல். பெரியப்பா அந்தச் செய்தியைக் கடிதத்தில் எழுதியிருந்தார். கீழே அவர் எதையும் கேட்கவில்லை.

அந்த ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப் போனதைத் தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். எங்களில் பலருக்குப் பிரஜாவுரிமையும் இல்லை, வாக்கும் இல்லை, அதனால் இடாப்பில் பெயரும் இல்லை. எங்களைத் தேட இடாப்பு தேவைப்படவும் இல்லை. ஒவ்வொரு லயத்துக்கும் சுண்ணாம்பில் நம்பர் போட்டிருந்தது.

நடந்ததற்கு அரசாங்கம் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. ஜூலை 30இல் ஜே.வி.பி., கம்யூனிஸ்ட் கட்சி, நவ சம சமாஜக் கட்சி மூன்றையும் தடை செய்தது. இடதுசாரிகளின் சதியாம், அதற்குப் பின்னால் வெளிநாட்டுக் கையாம். எங்கள் மாவட்டத்துக் கலவானைத் தொகுதியின் உறுப்பினர் சரத் முத்தெட்டுவேகம கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். சபையில் எழுந்து அந்தக் கதையைக் கேள்விக்கு உட்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். லயத்து வாசலில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த எங்கள் தோட்டத் தலைவர் சொன்னார்: “நம்ம லயத்துக்கு வந்தவனுகள்ல ஒரு செஞ்சட்டைக்காரன நான் காணல.”

சந்தேகம் எங்களிடம் மட்டும் இருந்த சரக்கல்ல. ஜூலை 29இல் கொழும்புக்குள் விடுதலைப் புலிகள் வந்துவிட்டார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. அன்றும் தமிழர்களைக் கொன்றார்கள். ஆதாரமில்லாத சந்தேகம் கத்தியாகிப்போனதை நாங்கள் பார்த்தவர்கள். அதனால்தான் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஆதாரத்தை மட்டும் நம்ப நான் பழகிக்கொண்டேன்.

அப்படி ஓர் ஆதாரத்தை அரசாங்கமே அச்சடித்துத் தந்தது. 1977 கலவரத்தை விசாரித்த சன்சோனி ஆணைக்குழுவின் அறிக்கை 1980இல் வெளியானது. இரண்டு வருஷம் கழித்து ‘இன்டெம்னிட்டி’ சட்டம் வந்தது. சட்டம் ஒழுங்கை நிலைநாட்டுவதற்காக 1977 ஆகஸ்டில் நல்லெண்ணத்துடன் செய்த செயல்களுக்காக அமைச்சர், அதிகாரி, படையினர் எவர் மீதும் வழக்குப் போட முடியாது என்றது அது. 1988 டிசம்பரில் அதைத் திருத்தி, 1977 ஆகஸ்ட் 1 முதல் 1988 டிசம்பர் 16 வரை நீட்டினார்கள். ஆசிரியர் வேலைக்கு வந்த பிறகுதான் இதை வாசித்தேன். எங்கள் 1981 அதற்குள் இருந்தது. வெலிக்கடை அதற்குள் இருந்தது. தெற்கில் சிங்களப் பையன்கள் காணாமல் போகத் தொடங்கிய காலமும் அதற்குள் இருந்தது.

தடை செய்யப்பட்ட ஜே.வி.பி. தலைமறைவானது. 1987இல் ஆயுதத்தோடு திரும்பியது. அவர்களும் கொன்றார்கள், தொழிற்சங்கக்காரர்களைக்கூட விடவில்லை. பதிலுக்கு அரசின் படைகளும் அரசுக்கு வேண்டிய ஆயுதக் குழுக்களும் கொன்றது அதைவிடப் பல மடங்கு. சந்தியில் டயர் எரிந்தது, ஆற்றில் பிணம் மிதந்தது. இந்த முறை எங்கள் லயத்துக்கு யாரும் வரவில்லை. ஆனால் ராத்திரியில் தெனியாய பாதையில் மேலே ஏறிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். சாக்கு கட்டுகிற சிரமம்கூட இல்லாமல், தகடே இல்லாமல் போயின.

1994 ஜனவரியில் அந்தப் பாதையில் உள்ள சூரியகந்தையில் ஒரு புதைகுழியைத் தோண்டினார்கள். 1989–90இல் எம்பிலிப்பிட்டியில் காணாமல் போன பள்ளி மாணவர்கள் அதில் இருக்கலாம் என்று பேச்சு. மலைக்கு வந்த சிங்களத் தாய்மார் கையில் வைத்திருந்தது பிள்ளையின் பள்ளிக்கூடப் படம். எங்கள் தோட்டத்து வளைவில் பஸ் நின்றபோது, அவர்களில் ஒருத்திக்கு அம்மா தண்ணீர் கொடுத்தாள். “பொலிசில் போய்ச் சொன்னேன், எழுதவே இல்லை” என்றாள் அவள், சிங்களத்தில். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

எங்களை எரித்தது யார் என்பதை மறைக்க 1983இல் சொன்ன கதை ஜே.வி.பி. இளைஞர்களைக் காட்டுக்குள் தள்ளியது. காட்டுக்குள் போனவர்களைத் தேடுகிறோம் என்று சொல்லி, போகாத பிள்ளைகளையும் பிடித்தார்கள். எம்பிலிப்பிட்டியில் தொடக்கம் ஒரு காதல் கடிதத் தகராறு. பாடசாலை அதிபரின் மகன் சம்பந்தப்பட்டது. தனிப்பட்ட பகையைத் தீர்த்துக்கொள்ள அவசரகால அதிகாரம் எவ்வளவு வசதி என்பதை அந்த வழக்கு காட்டியது. 1999 பெப்ரவரியில் அதிபருக்கும் இராணுவத்தினர் சிலருக்கும் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. குற்றச்சாட்டு கடத்தல்தான், கொலை அல்ல. பிரிகேடியர் ஒருவர் விடுதலையானார். ஆனாலும் கூண்டில் ஆட்கள் ஏறினார்கள். காரணம் எளிது: பெற்றோர் பெயர்களை விடவில்லை. யார் கூட்டிப்போனது, எந்த முகாம், எந்தத் தேதி என்று எழுதி வைத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டினார்கள்.

மேல், தென், சப்ரகமுவ மாகாணங்களில் காணாமல் போனோரை விசாரிக்க 1994 இறுதியில் ஆணைக்குழு வந்தது. தலைவி மனோரி முத்தெட்டுவேகம, அந்தக் கலவானை உறுப்பினரின் மனைவி. எங்களுக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் அதற்குக் கொடுத்த காலம் 1988 ஜனவரி 1இலிருந்துதான் தொடங்கியது. 1981க்கும் 1983க்கும் காது கொடுக்க 2001இல்தான் நீதியரசர் சர்வானந்தா தலைமையில் ஓர் ஆணைக்குழு அமைந்தது. 2004இல் ஜனாதிபதி சந்திரிகா மன்னிப்புக் கேட்டார். அது பெரிய காரியம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் சொன்ன மூன்று பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை.

இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் எதையும் நம்புவதில்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பானாலும் சரி, தேர்தலானாலும் சரி, “எல்லாம் அவனுக வேலதான் சேர்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். எல்லாம் அவர்கள் வேலை என்றால் எவரும் மாட்டிக்கொள்ள மாட்டார். மறைக்கிறவனுக்கு அதைவிட நல்ல வரி கிடைக்காது. பொலிசுக்குப் போகிறேன் என்று வருகிற பிள்ளையிடம் நான் சொல்வது வேறு. தமிழ் 1987 முதல் இந்த நாட்டின் அரசகரும மொழி, அதனால் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல். தெரிந்த சிங்களத்தில் எழுதினாலும் வாசித்துக் காட்டச் சொல். வண்டி நம்பர் தெரிந்தால் நம்பரைச் சொல், தெரியாவிட்டால் ஏன் தெரியவில்லை என்பதையும் எழுதச் சொல். நீ சொன்ன பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடு.