முதல் கேள்வி

ஆலோசனை உளவியலில் முதுகலை முடித்ததும் ஒரு பள்ளியில் நேர்காணல். சிங்காநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன்.

"எந்த ஊருங்க? என்ன கூட்டம்?"

கூட்டம் என்றால் குலம். சொல்லக் கூட்டம் இல்லாதவளை எந்தச் சாதியில் வைப்பது என்று கேட்டவருக்குத் தெரியும்.

"கல்யாணம் எப்பங்க?"

அவ்வளவுதான். பேச மறுக்கும் பிள்ளையிடம் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள் என்று இரவெல்லாம் தயாராகியிருந்தேன். அந்தக் கேள்வி உடன் படித்த பையனுக்குப் போனது. வேலையும் அவனுக்கே.

எல்.ஐ.சி. ஒரு காலத்தில் வேலைக்கு வரும் பெண்களிடம் மாதவிலக்கு, கருத்தரிப்பு விவரங்களைப் படிவத்திலேயே கேட்டது. நீரா மாத்தூர் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. அந்தக் கேள்விகளை நீக்குவதே நல்லது என்றது. படிவத்தை விட்டுப் போன கேள்விகள் வாயில் தங்கிவிட்டன.

என் வாயிலும்தான். சென்ற மாதம் மேசைக்கு இந்தப் பக்கம் நான். எதிரே புதிதாகப் படித்து முடித்த பெண். முதலில் அவள் கழுத்தைப் பார்த்தேன், தாலி இருக்கிறதா என்று. "குழந்தைய யாரு பாத்துக்குவாங்க?" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, அன்று எனக்குக் கிடைக்காத கேள்வியைக் கேட்டேன்.

"பேசற வரைக்கும் கூடவே சும்மா உக்காந்திருப்பனுங்க" என்றாள்.

இப்போது ஆணோ பெண்ணோ, வருகிற எல்லோருக்கும் எழுதிவைத்த அதே ஐந்து கேள்விகள்தான். எழுதாததை யாரும் கேட்கக் கூடாது. நானும்தான்.