ஹில்சா சாப்பிடாத ஈஸ்ட் பெங்கால் ரசிகர்

பட்ஜ்பட்ஜ் செல்லும் மின்ரயில் பாலிகஞ்சைத் தாண்டினால் அடுத்து லேக் கார்டன்ஸ். தண்டவாளத்துக்கு வடக்கே ரவீந்திர சரோவர் ஏரி. தெற்கே நெருக்கமான வீடுகள், மருந்துக் கடைகள், மண்குவளையில் டீ ஊற்றும் பெஞ்சுக் கடைகள். ஏரியின் மறுபக்கம் லேக் மார்க்கெட். வாழையிலையும் கறிவேப்பிலையும் காப்பிப் பொடியும் கிடைக்கும் அந்தக் கடைத்தெருவைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. லேக் கார்டன்ஸ்வாசியான அந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, காப்பிப் பொடிக்கு ஏரியைத் தாண்டி வடக்கே போவார். கால்பந்து பேச வேண்டுமென்றால் வீட்டருகே உள்ள டீக்கடை பெஞ்சே போதும்.

கும்பகோணத்திலிருந்து வேலை தேடி வந்து வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் ஸ்டெனோவாகச் சேர்ந்தவரின் மகன் அவர். பிறந்து வளர்ந்ததெல்லாம் கல்கத்தாவில். பேட்டைப் பையன்களுக்கு அவர் ‘ஜேட்டு’, அதாவது பெரியப்பா. சுத்த சைவம். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்பது இந்த நகரத்தின் எழுதப்படாத சட்டம். ஹில்சாவை வாயில் வைத்தேயிராத ஈஸ்ட் பெங்கால் ரசிகர் என்பதால் இவர் லேக் கார்டன்ஸில் ஓர் அதிசயப் பிறவி.

அந்த விசுவாசம் தகப்பனார் வழிச் சொத்து. 1920இல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் பெங்கால், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களின் கிளப். 1947க்குப் பிறகு வீடு வாசலை விட்டு ரயிலேறி வந்து ஜாதவ்பூர், விஜய்கட் பக்கம் காலனி போட்டுக் குடியேறிய அகதிகளுக்கு, விட்டு வந்த ஊரின் பெயரைத் தாங்கி நின்றது அந்தச் சிவப்பு-மஞ்சள் சட்டை ஒன்றுதான். அதே காலகட்டத்தில் அந்தச் சட்டையை அணிந்து கோல்களைக் குவித்த ‘பஞ்ச பாண்டவர்’கள் சாலே, அப்பா ராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான். ஐந்து பேருமே தெற்கிலிருந்து போனவர்கள். 1949இல் கல்கத்தா லீக், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஆண்டில் வென்றது. மைதானத்தில் அவர்களுக்குக் கைதட்டிய கும்பகோணத்து ஸ்டெனோவுக்கு இந்த ஊரில் தானும் ஒரு ஆள் என்ற நினைப்பு வந்தது அப்போதுதான். மகனுக்கு அவர் விட்டுப்போனது அந்த நினைப்பைத்தான்.

அந்த நினைப்பைச் சோதித்த நாள் 2019 மார்ச் 9.

ஐ-லீக் பருவத்தின் கடைசி நாள். 2003-04க்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் தேசிய லீக் பட்டத்தைத் தொட்டதில்லை. 19 ஆட்டங்கள் முடிந்திருந்தன. சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 39. சென்னை சிட்டி பெயரில்தான் சென்னை. சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். அங்கே அது மினர்வா பஞ்சாபைச் சந்திக்க, அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவைச் சந்தித்தது. ஈஸ்ட் பெங்கால் ஜெயிக்க வேண்டும். சென்னை சிட்டி ஜெயிக்கக் கூடாது. வங்காளத்தின் தலைவிதி தெற்கே இரண்டு ஊர்களில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

பேட்டை கிளப்பின் ஒற்றை அறையில் டி.வி.யும் செல்போன்களுமாக இரண்டு மைதானங்களையும் தொடர்ந்தார்கள். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கோவையில் மினர்வா கோல் போட்டது. லேக் கார்டன்ஸில் சங்கு ஊதினார்கள். இடைவேளையில் சென்னை சிட்டி ஒரு கோல் பின்தங்கியிருந்தது; கோழிக்கோட்டில் கோல் இல்லை. அந்த நிலையில் ஈஸ்ட் பெங்காலுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு கோல். அது வரவில்லை. கோவையில் பெனால்டியில் பெட்ரோ மான்சி சமன் செய்ய, கௌரவ் போரா முன்னிலை வாங்கித் தந்தார். கோழிக்கோட்டிலோ கோகுலம்தான் முதலில் கோல் போட்டது. பிறகு ஈஸ்ட் பெங்கால் விழித்துக்கொண்டு இரண்டு கோல்கள் திருப்பி 2-1 என்று ஜெயித்தது. ஆனால் கோவையில் போரா இன்னொன்றையும் போட்டு 3-1 என்று கதையை முடித்திருந்தார். 43 புள்ளிகள், 42 புள்ளிகள். ஐ-லீக் பட்டம் முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்குப் போனது.

கிளப் அறை அமைதியானது. யாரோ ஒரு பையன் ஜேட்டுவைத் திரும்பிப் பார்த்தான். “உங்க ஆளுங்கதானே கொண்டுபோனாங்க?”

எழுபதை நெருங்கிய மனிதருக்கு அந்த ‘உங்க’ தைத்தது. பிறந்தது முதல் இந்த ஊர்க்காரர். கோவையை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். அன்றிரவு அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக விரல் மடக்கித் தன் தீர்ப்பைச் சொன்னார்.

முதலாவது, கோப்பை பறிபோனது மார்ச்சில் இல்லை, பருவத் தொடக்கத்திலேயே. சென்னை சிட்டி, ஐசால், மினர்வா என்று அடுத்தடுத்து மூன்று அணிகளிடம் தோற்றுவிட்டுக் கடைசி நாளில் கோவையைச் சபிப்பதில் நியாயமில்லை. அவற்றில் ஒரே ஒரு ஆட்டத்தை ஜெயித்திருந்தால்கூடப் போதும்.

இரண்டாவது, மோகன் பகான் மயக்கம். அந்தப் பருவத்தில் பரம எதிரியை டிசம்பரில் 3-2 என்றும் ஜனவரியில் 2-0 என்றும் ஈஸ்ட் பெங்கால் வென்றது. வங்காளி அதிலேயே பாதிக் கோப்பையை வாங்கிவிட்டதாக நினைக்கிறான். மோகன் பகானைத் தோற்கடித்தாலும் மூன்று புள்ளிதான், மலைநாட்டு அணியைத் தோற்கடித்தாலும் மூன்று புள்ளிதான். புள்ளிக்கணக்கு எழுதுபவனுக்கு வங்காளச் சரித்திரம் தெரியாது.

மூன்றாவதாகச் சொன்னதுதான் பையன்களுக்குப் புதிது. சென்னை சிட்டி நம்மை இரண்டு முறையும் தோற்கடித்த அணி. சிங்கப்பூர் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் உருவாக்கிய அழகான அணி. அதற்குக் கோப்பை தகும். “ஆனா அவங்க என் ஆளுங்க இல்லை. தஞ்சாவூர் குலோத்துங்கன் என் ஆளு.” 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தவர் காலியா குலோத்துங்கன். 2018 அக்டோபரில் தஞ்சாவூரில் சாலை விபத்தில் இறந்தார். அந்தச் செய்தி கேட்டு லேக் கார்டன்ஸில் முதலில் கண் கலங்கியவர்கள் வங்காளிகள். அப்போது யாரும் ‘உங்க ஆள்’ என்று சொல்லவில்லை என்பதை ஜேட்டு நினைவூட்டினார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்து நடந்தது விசித்திரம். 2020-21இல் ஈஸ்ட் பெங்கால் ஐ.எஸ்.எல்.லுக்கு மாறியது. கொரோனா காரணமாக அதன் ஆட்டங்கள் கோவாவில். ஐ-லீக் முழுவதும் வங்காளத்தில் நடந்தது. சென்னை சிட்டி இங்கே வந்து வெறும் நாற்காலிகளுக்கு முன் ஆடியது. அந்தப் பருவத்துக்குப் பிறகு ஐ-லீக்கில் அது இல்லை. பட்டம் வென்ற இரண்டே ஆண்டுகளில் அணி களத்திலிருந்து மறைந்தது. ஈஸ்ட் பெங்கால் 2021-22 ஐ.எஸ்.எல்.லில் கடைசி இடம் பிடித்தது. அடுத்த மூன்று பருவங்களிலும் ஒன்பதாவது இடம். ஆனால் டிக்கெட் வரிசை கலையவில்லை. கோவையில் அந்தக் கோப்பைக்காகச் சண்டை போட நாலு தெருவும் நாலு டீக்கடையும் இருந்திருந்தால் அணி இவ்வளவு சுலபமாகக் காணாமல் போயிருக்காது என்பது ஜேட்டுவின் கட்சி. இதைச் சொல்லும்போது அவர் குரலில் வெற்றிப் பெருமிதம் இல்லை, கொஞ்சம் வருத்தம்தான். கோவை ரசிகனுக்கு அடுத்த பருவம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டதே என்கிறார்.

2024 ஜனவரி 28 அன்று புவனேஸ்வரில் கூடுதல் நேரத்தில் ஒடிசாவை 3-2 என்று வீழ்த்தி ஈஸ்ட் பெங்கால் சூப்பர் கோப்பையை வென்றது. 12 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தேசியக் கோப்பை. ஹில்சா காலம் இல்லை. ஐஸ் மீனுக்கும் அடிதடி. பழைய பையன், இப்போது மீசை வைத்த வாலிபன், ஜேட்டுவின் கதவைத் தட்டினான். அவன் கையில் இருந்த மூடிய பாத்திரத்தைப் பார்த்து வீட்டு அம்மாள் பதறிப்போனார்.

உள்ளே இருந்தது பாயேஷ். அரிசிப் பாயசம்.