கெலிச்சாங்களா?

புயல் கூண்டு ஏற்றுகிற மாதங்களில்தான் எங்கள் கால்பந்து அணியான சென்னையின் எஃப்.சி. ஆடிவந்தது. அக்டோபர் வாக்கில் தொடங்கி டிசம்பரிலோ மார்ச் வாக்கிலோ முடியும். கிரிக்கெட் அப்படியில்லை, தடைக்காலத்தோடு சேர்ந்து வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சுகள் எல்லாம் காசிமேடு துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும். பகலில் வலையைச் சீர்பார்ப்பதும் எஞ்சினைப் பிரித்துப்போடுவதுமாக இருப்பவர்களுக்குப் பொழுது சாய்ந்தால் டிவியில் சிஎஸ்கே. அதனால் எங்கள் பக்கம் கிரிக்கெட் ரசிகர் தானாக உருவாகிவிடுவார். கால்பந்து ரசிகராக இருக்கத்தான் மெனக்கெட வேண்டும்.

நான் மெனக்கெட்டவன். கூட்டாளி, எங்கள் தெருவில் இருக்கிற, லாஞ்சு ஓட்டுகிற அண்ணன். ஒரு தடவை கிளம்பினால் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கரையை நெருங்கி போனில் டவர் கிடைத்ததும் முதல் அழைப்பு வீட்டுக்கு, அடுத்தது வியாபாரிக்கு, மூன்றாவது எனக்கு. "இன்னா, கெலிச்சாங்களா?" சில சமயம் இரண்டு ஆட்டத்தின் முடிவை ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கும். பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், கத்தித்தான் சொல்வேன். காலை நான்கு மணிக்கு, கோல் அடித்த மேன்டோசாவின் பெயரைக் கத்தினால் வீட்டில் என்ன பேச்சு விழும் என்று சொல்லத் தேவையில்லை.

வடசென்னைக்குக் கால்பந்து ஒன்றும் ஐ.எஸ்.எல். லீக்கோடு 2014இல் வந்திறங்கவில்லை. வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் ஆடி வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். எங்கள் மணலிலும் மீன் கிரேட் இரண்டைக் கவிழ்த்து வைத்தால் கோல் போஸ்ட் தயார். முன்பு நன்றாக ஆடும் பையனுக்குத் துறைமுகம், ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி என்று ஏதாவதொரு அணியில் இடமும், கூடவே ஒரு வேலையும் கிடைக்கும். ஆட்டத்தைவிட அந்த வேலைக்காகவே பெற்றவர்கள் ஆட விட்டார்கள். இந்தியன் வங்கிக்காக கோல் அடித்துப் பெயர் வாங்கிய சபீர் பாஷா பிறகு சென்னையின் எஃப்.சி.யின் பயிற்சிக் குழுவில் பல வருடம் இருந்தார். இடைக்காலப் பயிற்சியாளராகவும் நின்றார். அபிஷேக் பச்சனும் தோனியும் பங்குதாரர்கள் என்பதற்காக நாங்கள் போகவில்லை. நேரு ஸ்டேடியத்தில் நம் ஊர் பெயரில் ஓர் அணி சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறது, அதில் நம் பையன் யாராவது இறங்குவானா என்று பார்க்கத்தான் போனோம்.

முதல் வருடமே பாடம் நடத்திவிட்டார்கள். மாடெராஸி பயிற்சியாளர், எலானோ 8 கோல், லீக் அட்டவணையில் முதலிடம். அரையிறுதியில் கொச்சியில் கேரளாவிடம் 0-3. சென்னையில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் அந்த மூன்றையும் திருப்பி அடித்து, கூடுதல் நேரத்தில், 117ஆம் நிமிடத்தில் பியர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கோல் போட்டு எல்லாவற்றையும் முடித்தார். மூன்று நிமிடம்தான் பாக்கி இருந்தது. ஸ்டேடியம் இருக்கும் பெரியமேட்டிலிருந்து வீடு வந்து சேரும்வரை எவனும் வாய் திறக்கவில்லை.

2015 வேறு கணக்கு. ஒரு கட்டத்தில் அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. பிறகு அடுத்தடுத்து ஜெயித்து மேலே வந்த நேரத்தில்தான் டிசம்பர் வெள்ளம். எங்கள் பக்கத்து ஆட்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு தென்சென்னைத் தெருக்களுக்குப் போனார்கள். ஸ்டேடியத்தைப் பற்றி யார் யோசிப்பது? சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேக்குப் போய்விட்டது. கொல்கத்தாவை 3-0 என்று அங்கே அடித்தார்கள். டிசம்பர் 20, கோவாவில் இறுதி ஆட்டம். 87ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. 90ஆம் நிமிடத்தில் அவர்களுடைய கோல்கீப்பர் கட்டிமணியின் மேல் பட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே விழுந்தது. அடுத்து மேன்டோசா. 3-2. அவருக்கு அந்தத் தொடரில் அது 13ஆவது கோல். வெள்ளத்தில் நனைந்த பாயும் மெத்தையும் ஊரெங்கும் வாசலில் காய்ந்துகொண்டிருந்த சமயத்தில் கிடைத்த கோப்பை என்பதால் அதை யாரும் ஆர்ப்பாட்டமாகக் கொண்டாடவில்லை. ஆனால் யாரும் மறக்கவும் இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிது 2018 மார்ச் 13. கோவாவுக்கு எதிரான அரையிறுதி, நேரு ஸ்டேடியம். ஜெஜே இரண்டு கோல். நடுவில் ஒன்று தனபால் கணேஷ். வியாசர்பாடிப் பையன். ஓட்டப்பந்தயத் தடத்துக்கு அந்தப் பக்கம் பந்து ஆடுவதால் அங்கே கேலரியிலிருந்து முகம் சரியாகத் தெரியாது. யார் அடித்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். பெயர் ஒலிபெருக்கியில் வந்ததும் எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "நம்ம கணேசு, நம்ம கணேசு" என்று முன்பின் தெரியாத என் கையைப் பிடித்து உலுக்கினார். நான்கு நாள் கழித்து பெங்களூரில், சொந்த மண்ணில் ஆடிய பெங்களூரு அணியை 3-2 என்று வீழ்த்திச் சாம்பியன். மெய்ல்சன் இரண்டு தலைமுட்டு கோல், ரஃபேல் அகஸ்டோ ஒன்று.

சாம்பியன்கள் அடுத்த பருவத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? பத்து அணிகளில் பத்தாம் இடம். 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி. கணேஷ் காயத்தோடு வெளியே. அண்ணன் கேள்வியை மாற்றிக்கொண்டார்: "எத்தினில தோத்தாங்க?" அதற்கடுத்த பருவத்தில் முதல் நான்கு ஆட்டத்திலும் ஒரு கோல் கூட இல்லை. ஜான் கிரிகரி விலகினார், ஓவன் காய்ல் வந்தார், வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார், அணி இறுதி ஆட்டம்வரை போனது. 2020 மார்ச் 14, கொரோனாவால் கோவாவில் ஆளில்லாத மைதானத்தில் கொல்கத்தாவிடம் 1-3. தோல்வியைவிட அந்தக் காலி நாற்காலிகள்தான் உறுத்தின.

அதன் பிறகு எட்டு, பதினொன்று என்று பெரும்பாலும் கீழ்ப்பாதியில்தான். ஐ.எஸ்.எல்.லில் கடைசியில் வந்தாலும் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளுகிற வழக்கம் அந்த வருடங்களில் இல்லாததால், தோல்விக்குத் தண்டனையும் இருக்கவில்லை, பயமும் இருக்கவில்லை. ரசிகனுக்கு அது வசதி என்று தோன்றும். எனக்கு அது அணியைச் சோம்பேறியாக்கியதாகத்தான் படுகிறது.

தோற்கிற அணியோடு காலம் தள்ளுவது எங்களுக்குக் கஷ்டமில்லை. மீன்பாடு இல்லாமல் திரும்பினாலும் டீசல் போட்டு மறுபடி கிளம்புகிற ஊர் இது. சிஎஸ்கே 2023இல் கோப்பை வாங்கி 2025இல் பத்தாவதாக வந்ததே, ஒருவராவது மஞ்சள் சட்டையைக் கழற்றினாரா? அணியே இல்லாமல் போவதுதான் தாங்காது. சென்னை சிட்டி எஃப்.சி. என்று ஒன்று இருந்தது. பெயரில் சென்னை, ஆடியது கோயம்புத்தூரில். சென்னையின் எஃப்.சி. கடைசியில் வந்த அதே 2018-19 பருவத்தில் ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி ஐ-லீக் சாம்பியன் ஆனார்கள். பெட்ரோ மான்சி 21 கோல். சில வருடத்தில் அந்த அணி இருந்த இடம் தெரியவில்லை. கோப்பை வாங்கிய அணிக்கே அந்தக் கதி.

2025இல் அதே பயம் எங்கள் வாசலுக்கு வந்தது. கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் டிசம்பரில் முடிவதாக இருந்தது, புதுப்பிக்கவில்லை. ஜூலையில் பருவத்தை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் முதன்மை அணியின் வேலைகளையே நிறுத்துவதாக அறிவித்தது. அக்டோபர் வந்தது, மழை வந்தது, ஆட்டம் வரவில்லை. அண்ணன் கரைக்கு வந்தால் வியாபாரிக்குப் போன் போட்டதோடு சரி. எனக்குப் போன் வராத காலைகள் அப்போதுதான்.

2026 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 14 தொடக்கம், 14 அணிகள், ஒருவரோடொருவர் ஒரே ஒரு முறை. சுருங்கிப்போன லீக்தான். அண்ணனிடம் சொன்னேன். மனிதர் மகிழ்ச்சியைக் காட்டவில்லை, மாதக் கணக்குப் போட்டார். "பிப்ரவரின்னா மே வரிக்கும் இழுக்குமே?"

"இழுக்கும்."

"அப்போ தடைக்காலத்துல மேட்ச்சு." இத்தனை வருடத்தில் தடைக்காலத்தில் சென்னையில் ஐ.எஸ்.எல். ஆட்டம் வருவது அவருக்கு இதுதான் முதல் முறை. கொஞ்ச நேரம் யோசித்தார். "சிஎஸ்கே அன்னிக்கு வெச்சானுங்கன்னா தகராறு. நீ ஏப்ரல் பதினஞ்சுக்கு மேல மெட்ராஸ்ல எத்தினி மேட்ச்சுன்னு பாத்துச் சொல்லு, டிக்கெட் நான் எடுக்கறேன்."