‘இங்கே பாருங்க!’

நம் வீட்டு இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில், நிலப் பத்திரங்களுக்கும் பழைய வரி ரசீதுகளுக்கும் அடியில், ஓர் ஆல்பம் இருக்கிறது. 1984-ஆம் ஆண்டு காமயகவுண்டன்பட்டியில் நடந்தேறிய நம் திருமணத்தின் ஆல்பம் அது. கறுப்பு அட்டைகள், ஒவ்வோர் அட்டையின் மேலும் சிலந்தி வலை போன்ற கோடுகள் ஓடும் மெல்லிய தாள். அத்தாளை விலக்கினால் முப்பத்தாறு படங்கள் வரிசையாய் நின்று நம்மை முறைத்துப் பார்க்கும்.

முறைத்துப் பார்க்கும் என்றது மிகையன்று. கம்பத்திலிருந்து வந்திருந்த புகைப்படக்காரர் கழுத்தில் யாஷிகாப் பெட்டியைத் தொங்கவிட்டிருந்தார். மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கும் பெட்டி அது. ஆகவே அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டே, “இங்கே பாருங்க!” என்று குரல் கொடுப்பார். அவர் பார்ப்பதோ கீழே. நாம் பார்க்க வேண்டியதோ நேரே. அக்குரல் கேட்டதும் கூடியிருந்தோர் அனைவரும் மூச்சை அடக்கி, காவல் நிலையத்தில் நிறுத்தப்பட்டவர்களைப் போல் நிமிர்ந்து நிற்பார்கள். விளக்கு மின்னும். அதன் பின்னர்தான் சிரிப்பார்கள்.

அவரைக் குறை கூறுவதற்கில்லை. சுருள் ஒன்றுக்குப் பன்னிரண்டே படம். நீலகிரியில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ சுருள்கள் மூன்றை அவர் கொண்டு வந்திருந்தார். அந்த ஆலை இன்று இல்லை. ஒரு சொடுக்குத் தவறினால் ஒரு படம் போயிற்று என்னும் நிலையில், எவர்தாம் ஆட்களை நிறுத்தி வைக்காமல் எடுப்பார்? விறைத்து நிற்பது கலையின் குறை அன்று, சுருளின் விலை.

ஆனால் இழப்பு இழப்புத்தான். நம் அத்தா ஊரறிந்த சிரிப்பாளி. திராட்சைத் தோட்டத்தில் அவர் சிரித்தால் அடுத்த வரப்பில் நிற்பவனுக்குக் கேட்கும் என்பார்கள். அந்த ஆல்பத்தில் அத்தா பதினொரு படங்களில் இருக்கிறார். ஒன்றிலும் சிரிக்கவில்லை. நம் அம்மாவோ ஒரு படத்தில்கூட இல்லை. அன்று முழுவதும் கொல்லைப்புறத்தில் தேக்சாக்களுக்கு அருகில் நின்றிருந்தார். கேமரா அப்பக்கம் திரும்பிய ஒரே தடவையும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டனர். பேரப்பிள்ளைகள், “அத்தம்மா எப்படி இருப்பாங்க?” என்று கேட்கும்போது, வாக்காளர் அடையாள அட்டையை எடுத்துக் காட்டுகிறோம். அதிலுள்ள பெண்மணி நம் அம்மா அல்லர். அவரைப் போன்ற வேறு யாரோ.

2023-இல் நம் கடைசி மகளின் நிக்காஹ் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை உத்தமபாளையம். மண்டபம், பிரியாணி, அழைப்பிதழ் எல்லாவற்றையும் மைத்துனர்களிடம் விட்டுவிட்டு, புகைப்படக்காரரைத் தேடும் பொறுப்பை மட்டும் நாமே எடுத்துக்கொண்டோம். வீட்டில் எல்லோருக்கும் வியப்பு. ஏன் என்று நாம் சொல்லவில்லை. நம் துணைவியார் மட்டும் அலமாரியின் கீழ்த்தட்டைப் பார்த்துவிட்டு வாளாவிருந்தார்.

இக்காலத்தில் புகைப்படக்காரர் என்று பொதுவாய்க் கேட்டால் போதாது என்பதை முதற்கடையிலேயே அறிந்தோம். “டிரெடிஷனலா, கேண்டிடா?” என்றார்கள். முன்னது நிறுத்தி எடுப்பது. பின்னது நடப்பதை நடக்கவிட்டு, ஆட்கள் அறியாமலே, ஒரு கதையைப் போல் எடுத்துச் செல்வது. இந்த இரண்டாவது முறை ஏதோ நேற்று முளைத்த நாகரிகம் என்று நினைத்திருந்தோம். வேர் ஆழமானது. பிரான்சு நாட்டின் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன், கையடக்கமான லைக்கா கேமராவுடன், மின்னல் விளக்கின்றி, ஒரு காட்சியின் எல்லாக் கூறுகளும் ஒன்றுகூடும் கணத்துக்காகக் காத்திருந்து எடுத்தவர். 1948 ஜனவரி 30-ஆம் நாள் காந்தியடிகளை அவருடைய இறுதி மணிகளில் சந்தித்துப் படமெடுத்தவரும் அவரே. தம் வழியை விளக்கி 1952-இல் நூலும் வெளியிட்டார். செய்திப் படக்காரர்களின் அந்த வழியைத் திருமண வீட்டிற்குக் கொண்டுவந்தவர்களுள் அமெரிக்கரான டெனிஸ் ரெஜி முதன்மையானவர். 1996-இல் அதிபர் கென்னடியின் மகனது திருமணத்தில், சிறிய மரக்கோயிலை விட்டு வெளியேறும்போது மணமகன் மணமகளின் கையில் முத்தமிடுவதை அவர் எடுத்த படம் உலகெங்கும் சென்றது. எவரும் அவர்களை அப்படி நிற்கச் சொல்லவில்லை. அதுவே அப்படத்தின் உயிர்.

இதைக் கேட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களை இகழ்ந்துவிடக் கூடாது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு, தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து மின்வடிவில் காத்து வருகின்றனர். கையூன்றிய நாற்காலியும் வரைந்த திரையும் ஒரு காலத்தின் சாட்சிகள். நமக்கு வேண்டியிருந்தது காலத்தின் சாட்சி அன்று, அத்தாவின் சிரிப்பு. அது போனது போகட்டும், இருப்பவர்களின் சிரிப்பாவது.

முதலில் பார்த்தவர் எல்லாவற்றையும் ஒரே விலையில் கட்டித் தந்தார். ஆளில்லாமல் பறக்கும் டிரோன் உண்டு. பெரிய ஆல்பம் உண்டு. அதற்கும் மேலாக, நிக்காஹுக்கு முன்பே பெண்ணையும் மாப்பிள்ளையையும் சுருளி அருவிக்கு அழைத்துச் சென்று எடுக்கும் படப்பிடிப்பும் உண்டு. “நிக்காஹுக்கு முன்பா?” என்று கேட்டோம். “எல்லாரும் எடுக்குறாங்க சார்” என்றார். ஸலாம் சொல்லிவிட்டு எழுந்து வந்தோம்.

அடுத்தவர் மதுரைக்காரர். கைப்பேசியில் அவர் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தன. “ஒரே திருமணத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை காட்டுங்களேன்” என்றோம். அவர் தயங்கினார். நாற்பது திருமணங்களிலிருந்து பொறுக்கிய நாற்பது படங்களே அவரிடம் இருந்தன. நாற்பது கனி கொடுக்கும் தோட்டத்தையும், நாற்பது தோட்டங்களில் ஒவ்வொரு கனி பறித்த கூடையையும் வேறுபடுத்தத் தெரியாதவன் திராட்சை பயிரிடும் ஊரில் வாழத் தகுதியில்லை. மேலும், வருவது அவரா, அவருடைய ஆளா என்ற கேள்விக்கும் நேரான விடை வரவில்லை.

மூன்றாவதாக, தேனியிலிருந்து ஓர் இளம்பெண்ணும் அவர் தம்பியும் நம் இல்லத்துக்கே வந்தனர். ஒரு திருமணம் முழுவதையும் மடிக்கணினியில் காட்டினார் அப்பெண். சற்று மங்கியவை, கை குறுக்கே விழுந்தவை எல்லாம் அதில் இருந்தன. நாம் கேட்பதற்கு முன்பே அவர் கேட்டார்: “ஐயா, இந்த வீட்டில் நான் தவறவிடக் கூடாத ஆள் யார்? எடுக்கவே கூடாத ஆள் யார்?”

இரண்டு கேள்விக்கும் நம் வீட்டில் ஒரே விடைதான். நம் துணைவியாரின் தாயார், பிள்ளைகளுக்கு நன்னி. வயது எண்பத்தைந்து. தம் வாழ்நாளில் கேமராவின் முன் இரு தடவையே அமர்ந்தவர்: ஒன்று வாக்காளர் அட்டைக்கு, மற்றொன்று ஆதாருக்கு. படம் கூடுமா, கூடாதா என்னும் விவாதத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். நன்னிக்கு விவாதமே இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம். நாமோ அம்மாவை இழந்தது போல் நன்னியையும் இழந்துவிடுவோமோ என்று அஞ்சிக்கொண்டிருந்தோம். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: அறியாமல் எடுக்கும் இந்த முறையை நாம் நாடியதில், நன்னியை அவர் அறியாமலே எடுத்துவிடலாம் என்னும் கள்ளமும் சிறிது கலந்திருந்தது. அதை ஒருவாறு கூறவும் செய்தோம்.

அப்பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “விரும்பாதவங்களைத் தெரியாம எடுத்தா அது திருட்டுங்கய்யா” என்றார். நமக்கு முகம் சிவந்தது. அவ்விடத்திலேயே முன்பணம் கொடுத்துவிட்டோம்.

பெண் என்பதும் நாம் அவரைத் தெரிந்தெடுத்ததற்கு ஒரு காரணம். நம் நிக்காஹ் இரண்டு இடங்களில் நடக்கும் நிகழ்ச்சி. மேடையில் ஹஜ்ரத் குத்பா ஓதி மாப்பிள்ளையிடம் ஒப்புதல் பெறுவது ஒரு பாதி. பெண்கள் பகுதியில் மணமகளிடம் சம்மதம் கேட்டு, தஃப்தரில் கையெழுத்து வாங்குவது மறுபாதி. ஆண் ஒருவர் மட்டும் வந்தால் கதையின் பாதி அவர் கண்ணில் படாது. தம்பி மேடையிலும் அக்காள் உள்ளேயும் நின்றனர். சம்மதம் கேட்ட வேளையில் நம் மகளின் கையைப் பற்றியிருந்தவர் யார் என்பது படத்தைப் பார்த்த பின்புதான் நமக்குத் தெரிந்தது. அவளுடைய அக்காள். இருவரும் ஆறு மாதமாய்ப் பேசிக்கொள்ளவில்லை.

உடன்படிக்கைத் தாளையும் வரிவரியாய்ப் படித்தோம். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, விலை கொடுத்து ஒருவர் எடுக்கச் செய்த நிழற்படத்தின் முதல் உரிமை, மாறான உடன்படிக்கை இல்லாத வரையில், எடுக்கச் செய்தவருக்கே உரியது. அந்த ‘மாறான உடன்படிக்கை’ பெரும்பாலும் தாளின் கடைசியில் சிற்றெழுத்தில் ஒளிந்திருக்கும். “விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்” என்ற வரியை அடிக்கச் சொன்னோம், அடித்துக் கையெழுத்திட்டார். இன்ஸ்டாகிராமில் நம் வீட்டுப் பெண்கள் உலா வருவதை நாம் விரும்பவில்லை. எடுக்கும்போதே இரண்டு அட்டைகளில் பதிவாக வேண்டும், அன்றிரவே வேறு வேறு இடங்களில் இரு பிரதிகள் இருக்க வேண்டும் என்றும் எழுதிக்கொண்டோம். நம் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றில், ஒரே வட்டில் வைத்திருந்த படங்கள் அத்தனையும் வட்டு பழுதாகி மறைந்த கதை நமக்குத் தெரியும். அந்த வீட்டார் இன்றும் விருந்தாளிகள் எடுத்த கைப்பேசிப் படங்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கதை சொல்லும் படம் என்பதற்காகக் குடும்பப் படத்தைக் கைவிட முடியுமா? பெரியத்தா ஒருவரை மேடைக்கு அழைத்து நிற்க வைக்கவில்லையானால், அடுத்த மூன்று திருமணங்களுக்கு அவர் வரமாட்டார். ஆகவே அரைமணி நேரம் அதற்கென ஒதுக்கி, பெயர்ப்பட்டியல் ஒன்றை மருமகனின் கையில் கொடுத்தோம். அங்கே, நாற்பதாண்டுகளுக்குப் பிறகும் அதே “இங்கே பாருங்க!” ஒலித்தது. கேட்க இனிமையாகத்தான் இருந்தது.

வெளிச்சம் பற்றி அப்பெண் கண்டிப்பாய் இருந்தார். மேடையில் ஊதா விளக்கு வேண்டாம். முகமெல்லாம் கத்தரிக்காய் நிறமாகிவிடும் என்றார். அலங்காரக்காரர் முணுமுணுத்தபடி வெள்ளை விளக்குக்கு மாற்றினார். மணமக்களைத் திராட்சைப் பந்தலின் கீழ் எடுக்க மாலை ஐந்துக்குள் வந்துவிட வேண்டும் என்றார். மேற்கே மலை எழுந்து நிற்கும் இப்பள்ளத்தாக்கில் வெயில் முன்கூட்டியே விடைபெற்றுவிடும்; இதைத் தேனிப் பெண் காமயகவுண்டன்பட்டிக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியிருந்தது. தோட்டக்காரர் ஓடிவந்து, “மருந்தடிச்சு ரெண்டு நாள்தான் ஆச்சு” என்றார். கொடியில் மயில்துத்தத்தின் நீலம் படிந்திருந்தது. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைத் தோளில் அது ஏறியதும், அதைக் கண்டு நம் மகள் வாய்பொத்திச் சிரித்ததும் ஆல்பத்தில் இருக்கின்றன.

நாமும் இருக்கிறோம். பிரியாணித் தேக்சாவுக்குப் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, தோள் துண்டால் முகத்தை மூடியபடி. பெண்ணை அனுப்பிய நேரம். வீட்டாரிடம் புகை என்று சொல்லியிருந்தோம்.

நன்னியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாள் அப்பெண் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, நன்னியின் கட்டிலருகே அமர்ந்து வெங்காயம் உரித்தார். என்ன பேசினார்களோ தெரியாது. மாலையில் நன்னி பேத்திக்குக் கருகமணி கோக்கத் தொடங்கியபோது, “கையை மட்டும் எடுக்கட்டுமா நன்னி?” என்று கேட்டார். “கைதானே, எடுத்துக்க புள்ள” என்றார் நன்னி. நரம்போடிய விரல்களும் கரிய மணிகளும். அந்த ஒரு படத்துக்கே கொடுத்த பணம் சரியாய்ப் போயிற்று.

ஒரு மாதம் கழித்து ஆல்பத்தோடு வந்தவர், தனியே ஒரு பழுப்பு உறையையும் கொண்டு வந்தார். நம்மிடம் தரவில்லை, நேரே நன்னியிடம் சென்றார். பெண்கள் கூட்டத்தில் வேறு எவரையோ எடுக்கும்போது ஓரத்தில் நன்னியும் விழுந்துவிட்டார் என்றும், வேண்டாமென்றால் அங்கேயே அழித்துவிடுவதாகவும் கூறினார். நன்னி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நாம் எட்டிப் பார்க்க முயன்றோம். படத்தை மார்போடு கவிழ்த்துக்கொண்டார்.

“நான் சிரிச்சா இப்படியா இருக்கு?” என்றார் அப்பெண்ணிடம். பிறகு படத்தை உறைக்குள் இட்டு, வாயை ஒட்டச் சொல்லி, நம்மிடம் நீட்டினார்.

“அழிக்க வேணாம். என் மவுத்துக்குப் பிறகு பிரிச்சுப் பாருங்க.”

உறை அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய ஆல்பத்தின் மேல் இருக்கிறது. நன்னி நலமாக இருக்கிறார். நாம் அதைப் பிரிக்கவில்லை.