சோற்றைத் துறந்த ஏழு மாதம்

நமது யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஒருவர் பருத்துக்கொண்டு போனால் அதனைப்பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. ‘ஆள் நல்ல சுகமாய் இருக்கிறார்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மெலிந்தாலோ ஊரே கூடி விசாரிக்கும். இவ்விரு நிலைகளையும் அடுத்தடுத்துக் கண்டுவிட்டோம் ஆதலின், அந்த அனுபவத்தை வாசகர்களிடம் சொல்லிவைத்தல் பிழையாகாது என எண்ணுகின்றோம்.

2024ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் எமக்கு வயது 68. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். நிறை 89 கிலோ. முப்பது வருடத்துக்கு மேல் இரசாயனம் படிப்பித்துவிட்டு இளைப்பாறிய நாள்முதல், சாய்மனைக் கதிரையில் இருந்தபடி பத்திரிகையும் வடையும் தேநீருமாய்ச் சேர்த்த செல்வம் அது. அதற்குரிய வட்டியை எமது முழங்கால்கள் கட்டிக்கொண்டிருந்தன. கோயில் வீதியை ஒருமுறை சுற்றி வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கவேண்டியதாயிற்று.

வைத்தியர் படம் பிடித்துப் பார்த்தார். முழங்கால் மூட்டுத் தேய்ந்துள்ளது என்றும், பத்துக் கிலோ குறைத்தால் நோவு பெரிதும் தணியும் என்றும் சொன்னார். உடலில் ஒரு கிலோ குறைந்தால், வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் பாரம் ஏறத்தாழ நாலு கிலோ குறையுமாம். கணக்கு எமக்குப் பிடித்திருந்தது. ஆனால் நடந்தால் மூட்டு வீங்குகிறது. நடக்காவிட்டால் நிறை குறையாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்தச் சிக்கலை எப்படி அவிழ்ப்பது?

கனடாவிலிருந்த மகன் தொலைபேசியில் அவிழ்த்துவைத்தான். “அப்பா, நீங்கள் நடக்கவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம். சோற்றை மட்டும் விடுங்கோ,” என்றான். அவன் அதனைக் ‘கீட்டோ’ என்கிறான். நாமோ படிப்பித்த பழக்கத்தினாலே ‘கீற்றோன்’ என்றே சொல்கிறோம். பெயரில் என்ன இருக்கிறது!

மகன் சொன்னது முற்றிலும் புதுமையானதன்று. இலண்டன் மாநகரிலே வில்லியம் பான்றிங் என்று ஒருவர் இருந்தார். பெரிய இடத்து மரணச் சடங்குகளை ஒழுங்குசெய்வது அவர் குடும்பத்தின் தொழில். உயரம் எம்மளவே, 1862இல் அவர் வயது 65, நிறை 202 இறாத்தல். குனிந்து சப்பாத்துக் கயிறு கட்ட முடியாது. படியிறங்கும்போது பின்புறமாகத் திரும்பி இறங்குவார். முன்னொரு காலத்தில் வைத்தியர் ஒருவர் சொற்படி அதிகாலையில் தோணி வலித்துப் பார்த்தார். தசை உரம்பெற்றது, கூடவே பசியும் உரம்பெற்றது, நிறை ஏறியதேயன்றி இறங்கவில்லை. கடைசியில், காது மந்தமாயிற்று என்று போன இடத்திலே, வில்லியம் ஹார்வி என்னும் வைத்தியர் காதை விட்டுவிட்டு வாயைக் கட்டினார். பாண், சீனி, உருளைக்கிழங்கு முதலியவற்றை நிறுத்தச் சொன்னார். ஓராண்டளவில் 46 இறாத்தல் குறைந்தது. பான்றிங் மகிழ்ந்துபோய் 1863இல் ஒரு சிறு நூலை அச்சிட்டு, முதலில் இலவசமாகவே வழங்கினார். அவர் உணவைக் கீற்றோன் உணவென்று சொல்லமுடியாது. அதற்கு ஒரு மூத்த உறவு என்னலாம். அந்தப் பெயருடைய உணவை 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த வைல்டர் என்பவர் வலிப்பு நோயாளருக்காக வகுத்தார். மெலிய விரும்புவோர் கையில் அது அகப்பட்டது பிற்பாடுதான்.

வைத்தியரிடம் போய்ச் சொன்னோம். அவர் உடனே தலையசைத்துவிடவில்லை. இரத்தம் சோதித்தார், சிறுநீரகம் சரியா என்று பார்த்தார். “உங்களுக்குச் சீனி வருத்தம் இல்லாதபடியால் சம்மதிக்கிறேன். அதற்கு மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் இதைத் தொடங்கினால் ஆபத்து,” என்றார். இரத்த அழுத்தத்துக்கு நாம் எடுத்த குளிசையை மட்டும் இரண்டு கிழமைக்கொருமுறை வந்து காட்டும்படி கட்டளையிட்டார்.

இனி எமது அடுப்படியின் நிலையைச் சொல்லவேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது கிராமுக்குக் குறைவான காபோவைதரேற்றுத்தான் சேரலாம். நூறு கிராம் வெந்த சோற்றிலேயே இருபத்தெட்டுக் கிராம் அளவில் இருக்கிறது. நூறு கிராம் சோறென்பது எமது கோப்பையின் ஒரு மூலைக்குக் காணாது. புட்டு, இடியப்பம், தோசை, பாண், மரவள்ளிக்கிழங்கு, ஒடியற்கூழ் என்று யாழ்ப்பாணத்தார் நாவிற்கு இனியவை என எண்ணும் யாவும் ஒரே கோட்டில் அடிபட்டுப் போயின. எஞ்சியவை மீன், முட்டை, இறைச்சி, கீரை, கத்தரிக்காய், வெண்டிக்காய், தேங்காய்ப்பால் ஆகியன. சொதியைக் கிண்ணத்தில் வார்த்துக் குடித்தோம். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் மச்சம் புழங்குவதில்லையாதலால், அன்று கீரையும் கொஞ்சம் கச்சானுமே கதியாயின. முதல் வெள்ளியன்று மனைவி தம் கோப்பையில் சோற்றைப் போட்டுவிட்டு எமது கோப்பையைப் பார்த்தார். பிறகு தாமும் சோற்றைப் பாதியாக்கிக்கொண்டார். நாற்பத்திரண்டு வருடமாக ஒரே சட்டியில் உண்டவர்களுக்கு இரண்டு உலைகள் வைப்பது பெரும் சங்கடம். அதனை நிறை காட்டும் இயந்திரம் காட்டாது.

முதற் கிழமையில் மூன்று கிலோ குறைந்தது! மகனுக்குச் செய்தி பறந்தது. ஆனால் படிப்பித்தவனுக்கு உண்மை தெரியாமலிராது. ஈரலிலும் தசையிலும் சேமித்துவைத்த கிளைக்கோசன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவு நீரைத் தன்னோடு பிடித்துவைத்திருக்கும். மாப்பண்டம் நின்றதும் அந்தச் சேமிப்புச் செலவாகிறது, நீர் வெளியேறுகிறது. அதன் பின்னர்தான் ஈரல் கொழுப்பை உடைத்துக் கீற்றோன்களை ஆக்கி மூளைக்கும் தசைக்கும் அனுப்பத் தொடங்கும். குறைந்த மூன்று கிலோவிற் பெரும்பங்கு கிணற்றுத் தண்ணீரேயன்றி எமது வயிறன்று. நீரோடு உப்பும் போனதனால் தலையிடியும் கெண்டைக்கால் பிடிப்பும் வந்தன. மூன்றாம் கிழமை எழும்பியதும் தலை சுற்றிற்று. வைத்தியர் அழுத்தம் பார்த்துக் குளிசையைப் பாதியாக்கினார். மலச்சிக்கலைப்பற்றி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் விரித்தெழுதுதல் அழகன்று; இருந்தது என்பதோடு விடுகிறோம்.

ஆயினும் நிறை இறங்கியது. பசி முன்போல வாட்டவில்லை என்பது எமக்கே வியப்பு. நடை எதுவும் இல்லை. எமது வேகத்தில் அரைமணி நேரம் நடந்தால் நூறு கலோரிக்குச் சற்று மேல் செலவாகும். ஒரு கிலோ உடற்கொழுப்பிலோ ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. கால்களால் கரைப்பதை விட வாயால் தடுப்பது இலகு என்று பார்ப்பவர்க்கெல்லாம் கணக்குச் சொல்லித் திரிந்தோம். கார்த்திகை பிறந்தபோது எமது நிறை 77 கிலோ. முழங்கால் நோவு பாதியாயிற்று. கோயில் வீதியை நிற்காமலே சுற்றினோம்.

அப்பொழுதுதான் ஊர் விசாரிக்கத் தொடங்கியது. “மாஸ்ரர், என்ன வாடிப்போனியள்? சீனியோ?” என்று கடையிலே கேட்டார்கள். ஒன்றுவிட்ட தமக்கையார் ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து, எம்மிடம் ஒன்றும் பேசாது, அடுப்படியில் மனைவியோடு தாழ்ந்த குரலிற் கதைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

சிரித்துக்கொண்டிருந்த எமக்கு மார்கழியில் ஒரு செத்தவீட்டில் பாடம் கிடைத்தது. பழைய நண்பர் ஒருவரின் வீடு. பாயில் இருந்தோம். சடங்கு முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். நாமும் எழ முனைந்தோம், எழ முடியவில்லை. நோவு இல்லை. தொடைகளுக்கு நாம் இட்ட கட்டளையை ஏற்கும் வலு இல்லை, அவ்வளவே. இரண்டு இளைஞர்கள் கமக்கட்டிற் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். ஒருவன் எம்மிடம் படித்தவன். 89 கிலோவாய் இருந்தபோது முனகிக்கொண்டேனும் தாமாக எழுந்தவர், 77 கிலோவில் இருவர் தூக்க எழுந்தார்!

மறுநாளே வைத்தியரிடம் போனோம். கைகட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்துமுறை எழும்பச் சொன்னார். மூன்றாவதோடு நின்றுவிட்டோம். உண்டி சுருங்கும்போது கொழுப்போடு தசையும் கரையும் என்றும், முதுமையில் தசை தானாகவே குறைந்துகொண்டு போகுமாதலால் அந்த இழப்பை மீட்பது கடினம் என்றும் விளக்கினார். தேங்காய்ப்பாலால் வயிற்றை நிரப்பிக்கொண்டு மீனையும் முட்டையையும் நாம் போதியளவு உண்ணவில்லை என்பதும் வெளியாயிற்று. இரத்தத்திலே தீய கொழுப்பும் ஏறியிருந்தது. இறங்கிய பன்னிரண்டு கிலோவில் எத்தனை கிலோ தொடையிலிருந்து போனது என்பதை இயந்திரம் எமக்குச் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை. தேகப்பயிற்சி இன்றியே நிறை குறையும் என்று மகன் சொன்னது பொய்யன்று. குறைவது எது என்று கேட்கத் தவறியது எமது பிழை.

கீற்றோன் உணவை அத்தோடு விட்டோம். மத்தியானத்தில் ஒரு பிடி சிவப்பரிசிச் சோறு மீண்டும் கோப்பைக்கு வந்தது. மீன் கூடியது, தேங்காய்ப்பால் குறைந்தது. சீனியும் பாணும் வடையும் வெளியிலேயே நிற்கின்றன. நிறை இரண்டு கிலோ ஏறி 79இல் நின்றுவிட்டது. அது பற்றி எமக்கு வருத்தமில்லை.

இப்பொழுது காலை தோறும் அடுப்படி வாசலில் ஒரு கைபிடியில்லாக் கதிரையைப் போட்டு, எழும்புவதும் இருப்பதுமாய்ப் பயில்கிறோம். முதலில் ஐந்து; இன்று பன்னிரண்டு. எண்ணுகிறவர் மனைவி. எமது எண்ணிக்கையில் அவருக்கு நம்பிக்கை இல்லை. நேற்று ஒன்பதில் நிறுத்தப் பார்த்தோம்.

“இஞ்சாருங்கோ, இன்னும் மூண்டு கிடக்கு,” என்றார், நீத்துப்பெட்டியை அடுப்பிலிருந்து இறக்கியபடியே. “முடிச்சால் ஒரு பிடி புட்டுத் தரலாம்.”

முடித்தோம்.